மூன்றாம் லெவல் மங்க் எந்தப் பாதையை எடுக்கலாம்?

பிறகு படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் முதல்முறையாக மங்க், அதாவது வெறுங்கையால் சண்டையிடும் துறவி வீரர், எடுத்து ஆடுகிறீர்கள். உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) உருவாக்கிய உலகில் மங்குகளுக்கென்று ஒரு கில்டு, அதாவது சங்கம், இருக்கிறது. அதில் நான்கு ஆசான்கள், நான்கு பாதைகள்: ஓபன் ஹேண்ட், ஷேடோ, எலிமெண்ட்ஸ், மெர்சி. அடுத்த செஷனில் மூன்றாம் லெவல் வருகிறது. அன்றைக்கு ஓர் ஆசானிடம் சேர வேண்டும், சேர்ந்தபின் மாற முடியாது. கூட ஆடுபவர்கள் ஒரு ரோக் (மறைந்து தாக்குபவர்), ஒரு விஸார்ட் (மந்திரவாதி), ஒரு கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி). சிறுவயதில் தான் வளர்ந்த மடத்தை எரித்தவர்களைத் தேடிக்கொண்டிருப்பவர் உங்கள் மங்க். உங்களுக்குப் பிடித்தது ஷேடோ. நண்பர்களோ ஓபன் ஹேண்ட்தான் பலம், எலிமெண்ட்ஸ் எடுத்தால் வீண் என்கிறார்கள். "இதில் எது பெஸ்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தால் கேள்வி அதுவல்ல என்று தோன்றுகிறது. மாற முடியாது என்று சொல்லிவிட்டதால் பயம் வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து டேபிளில் உட்கார்ந்து, "இதைப் போய் எடுத்தேனே" என்று நினைக்காமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். பல வருடங்களாக டிஎம்மாகவும், அவ்வப்போது மங்காகவும் ஆடியவன். விதிப்புத்தகத்தில் உள்ளதை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு பாதை உங்கள் டேபிளில் எப்படி அமையும் என்பதில் பாதி உங்கள் டிஎம் கையில் இருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நீங்கள் ஆடுவது 2014 விதிகளா, 2024 விதிகளா? கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. இரண்டுமே ஐந்தாம் பதிப்புதான், ஆனால் மங்க் விஷயத்தில் இரண்டுக்கும் நல்ல தூரம். 2014 புத்தகத்தில் ஓபன் ஹேண்ட், ஷேடோ, ஃபோர் எலிமெண்ட்ஸ் என்று மூன்றே பாதைகள். மெர்சி 2020-ல் ஒரு துணைப் புத்தகத்தில் வந்து, 2024-ல்தான் மூலப் புத்தகத்துக்குள் இடம்பிடித்தது. உங்கள் கில்டில் இருக்கும் நான்கும் அப்படியே 2024 புத்தகத்தின் நான்கு. அதனால் புதிய விதிகள்தான் என்று ஊகிக்கிறேன். ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் "எலிமெண்ட்ஸ் வீண்" என்பது பழைய விதிகளுக்குப் பொருந்தும் பேச்சு, புதிய விதிகளுக்குப் பொருந்தாது.

பாதைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடுவது பாயிண்டுகளை. பழைய விதியில் கி பாயிண்ட், புதிய விதியில் ஃபோகஸ் பாயிண்ட். எப்படி அழைத்தாலும் உங்கள் லெவல் எவ்வளவோ அவ்வளவுதான் கையில் இருக்கும். மூன்றாம் லெவலில் மூன்று. செலவானதைத் திரும்பப் பெற ஒரு ஷார்ட் ரெஸ்ட், அதாவது நடுவில் ஒரு சிறு ஓய்வாவது வேண்டும். கூடுதல் குத்து, தற்காப்பு, வேகமாக நகர்தல், ஐந்தாம் லெவலிலிருந்து எதிரியைச் செயலிழக்க வைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் என்று பொதுவான மங்க் வித்தைகளும் அதிலிருந்துதான், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாதையின் வித்தைகளும் அதிலிருந்துதான். எல்லாம் ஒரே பர்ஸ். ஆகவே ஒரு பாதை என்ன தருகிறது என்பதோடு, அதைப் பயன்படுத்த எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். நீங்கள் எப்படியும் செய்யப்போகும் செயலோடு ஒட்டிக்கொண்டு வரும் திறன் தினமும் உதவும். தனியாகப் பாயிண்டும் தனியாக ஒரு முறையும் கேட்கும் திறன் எப்போதாவதுதான் வெளியே வரும். வந்தால் பெரிதாக வரும்.

அதேபோல் பதினேழாம் லெவல் திறனைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மங்குக்குப் பாதைத் திறன்கள் 3, 6, 11, 17 லெவல்களில் வருகின்றன. ஓபன் ஹேண்டின் பதினேழாம் லெவல் வித்தையில், தொட்டு வைத்த அதிர்வை நாள்கணக்கில் காத்திருந்து வெடிக்கச் செய்யலாம். மெர்சியில் இறந்து ஒரு நாளுக்குள் இருப்பவரை எழுப்பலாம். படிக்கும்போதே கை பரபரக்கும். ஆனால் நான் நடத்திய, ஆடிய கதைகளில் பெரும்பாலானவை பத்தாம் லெவலைச் சுற்றி எங்கோ முடிந்துவிட்டன. யாருக்காவது வேலை மாறுகிறது, யாருக்காவது குழந்தை பிறக்கிறது, கூடி உட்கார முடியாமல் போகிறது. நீங்கள் வாழப்போவது மூன்றாம் லெவல் திறனோடும் ஆறாம் லெவல் திறனோடும்தான். அவை இரண்டும் பிடித்திருந்தால் போதும்.

ஓபன் ஹேண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், மற்றவற்றை அதோடு ஒப்பிடுவது சுலபம். ஒரு பாயிண்ட் கொடுத்து ஃப்ளரி ஆஃப் புளோஸ் என்று இரண்டு கூடுதல் குத்து விடுகிறீர்கள் அல்லவா, அதில் ஒவ்வொரு குத்து பட்டபோதும் எதிரிக்கு ஒன்றைக் கூடுதலாகச் செய்யலாம். கீழே விழ வைக்கலாம், 15 அடி தள்ளலாம், அல்லது அவன் எதிர்வினை (2024-ல், விலகிப் போகிறவரை அடிக்கும் எதிர்வினை மட்டும்) செய்ய முடியாமல் திகைக்க வைக்கலாம். இதற்குத் தனிப் பாயிண்ட் கிடையாது. மூன்றாம் லெவலில், விஸ்டம் (பாத்திரத்தின் ஞான மதிப்பெண்) 16 இருந்தால் உங்கள் சேவ் எண், அதாவது எதிரி தப்பப் பகடையில் எட்ட வேண்டிய எண், 13. எதிரே ஓர் ஓகர் (பெரிய உடம்புள்ள அரக்கன்) நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலம் +4, சுறுசுறுப்பு −1. தள்ளலைத் தாங்கப் பலமும், விழாமல் நிற்கச் சுறுசுறுப்பும் அதன் பகடையோடு கூடும். தள்ளப் பார்த்தால் அது இருபது முகப் பகடையில் 9 எடுத்தாலே தப்பிவிடும், உங்கள் வாய்ப்பு 40 சதவீதம்தான். விழ வைக்கப் பார்த்தால் அதற்கு 14 வேண்டும், உங்கள் வாய்ப்பு 65 சதவீதம். அதே பாயிண்டுக்கு, எந்த சேவைக் குறிவைக்கிறீர்கள் என்பதை வைத்தே இவ்வளவு வித்தியாசம். பெரிய உடம்புக்காரனை விழ வை, மெலிந்த மந்திரவாதியைத் தள்ளு என்று கண் பழகிவிட்டால் ஓபன் ஹேண்ட் கையில் நன்றாகப் பேசும்.

இங்கேயும் பழையதற்கும் புதியதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2014 விதியில் ஃப்ளரி, வழக்கமான அடியான அட்டாக் ஆக்‌ஷன் முடிந்த உடனே வர வேண்டும். அதாவது நீங்கள் விழ வைக்கும்போது உங்கள் முதல் அடி முடிந்திருக்கும், விழுந்தவனை அடிக்கும் சாதகம் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) அடுத்து வரும் நண்பர்களுக்குத்தான் முக்கியமாகப் போகும். 2024-ல் அந்தக் கட்டாயம் இல்லை. முதலில் ஃப்ளரி, விழுந்தானா, பிறகு சாதகத்தோடு உங்கள் வழக்கமான அடி. வரிசையை மாற்றி ஆடுவது ஒன்றுதான் மாற்றம், ஆனால் டேபிளில் நன்றாகவே தெரியும். கூடவே ஓர் எச்சரிக்கை. கீழே கிடப்பவனைப் பக்கத்தில் நின்று அடிப்பவருக்குச் சாதகம், 5 அடிக்கு அப்பாலிருந்து எய்பவருக்குப் பாதகம். உங்கள் ரோக் கத்திக்காரரா, வில்லுக்காரரா? கத்தி என்றால் நீங்கள் விழ வைக்கும் ஒவ்வொருவனும் அவருக்கு ஸ்னீக் அட்டாக் (சாதகம் இருந்தால் ரோக்குக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம்) விருந்து. வில் என்றால் விழ வைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் முறை வரும்போது முகம் சுளிப்பார்.

ஆக, ஓபன் ஹேண்ட் பலமானது என்று உங்கள் நண்பர்கள் சொல்வது தவறில்லை. சீராக, ஒவ்வொரு சண்டையிலும், டிஎம் எப்படிப்பட்டவராக இருந்தாலும் பயன் தரும் பாதை அது. ஆனால் அது சண்டைக்குள் மட்டுமே வாழ்கிறது. இரண்டு செஷன் பேச்சிலும் துப்பறிதலிலும் போனால், அந்த இரண்டு செஷனிலும் உங்கள் பாதை என்ன என்று யாருக்கும் நினைவிருக்காது. மடத்தை எரித்தவனைத் தேடும் கதை என்கிறீர்கள். அதில் எத்தனை பங்கு தேடல், எத்தனை பங்கு அடிதடி என்பதை உங்களால்தான் சொல்ல முடியும்.

ஷேடோவுக்கு வருவோம், உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது. 2014 விதியில் ஷேடோ எடுத்தவர் இரண்டு கி கொடுத்து டார்க்னஸ் (இருட்டு), டார்க்விஷன் (இருட்டில் பார்வை), பாஸ் வித்தவுட் ட்ரேஸ் (தடம் தெரியாமல் செல்வது), சைலன்ஸ் (ஒலியற்ற வட்டம்) ஆகிய நான்கு மந்திரங்களில் ஒன்றைப் போடலாம். இந்த நான்கில் பாஸ் வித்தவுட் ட்ரேஸ் ஒன்றுக்காகவே இந்தப் பாதையை எடுக்கலாம் என்பது என் கருத்து. சுற்றி 30 அடிக்குள் இருக்கும் கூட்டாளிகள் எல்லோருக்கும் மறைந்து செல்லும் பகடையில் 10 கூடும், கவனம் கலையாமல் இருந்தால் ஒரு மணி நேரம் நீடிக்கும். கனமான கவசம் மாட்டிக்கொண்டு கலகலவென்று நடக்கும் கிளெரிக்கையும் உள்ளே அழைத்துப் போகலாம். ரோக் தனியாக வேவு பார்க்கப் போக, மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அந்த அரைமணி நேரம் உங்கள் டேபிளில் இல்லாமல் போகும். சைலன்ஸ் விஷயமும் அப்படித்தான். வாயால் மந்திரம் சொல்ல வேண்டியவனை அந்த வட்டத்துக்குள் வைத்துவிட்டால் அவன் பாதி ஆள். மூன்றாம் லெவலில் மூன்று கி-யில் இரண்டு போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். அன்றைய சண்டைக்கு ஒரே ஒரு ஃப்ளரிதான் மிச்சம்.

2024-ல் ஷேடோவின் முகமே வேறு. பாஸ் வித்தவுட் ட்ரேஸும் சைலன்ஸும் போய்விட்டன. பதிலாக டார்க்னஸ் ஒரே பாயிண்டில் கிடைக்கிறது, நீங்கள் போட்ட இருட்டுக்குள் உங்களுக்கு மட்டும் கண் தெரியும், அதை நகர்த்தவும் முடியும். டார்க்விஷன் நிரந்தரமாக வந்துவிடுகிறது. தனி ஆளாகப் பார்த்தால் இது மிகப் பெரிய பலம். நீங்கள் எதிரியைப் பார்க்கிறீர்கள், அவன் உங்களைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த இருட்டுக்குள் உங்கள் நண்பர்களுக்கும் ஒன்றும் தெரியாது. சாதாரண டார்க்விஷன் அதை ஊடுருவாது. குறிவைத்துப் போட வேண்டிய மந்திரங்கள் பலவற்றுக்கு விஸார்டுக்குக் கண் தெரிய வேண்டும், காயப்பட்டவரைப் பார்த்து வைத்தியம் செய்யக் கிளெரிக்குக்குக் கண் தெரிய வேண்டும். கூட்டம் நடுவே இருட்டைக் கொட்டிவிட்டு, "எனக்குத் தெரிகிறது, நான் அடிக்கிறேன்" என்று தொடர்ந்து ஆடினால் மூன்றாவது சண்டையில் மனஸ்தாபம் வரும். இதை நான் டிஎம் நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். சண்டையின் ஓரத்தில், தூரத்தில் நிற்கும் வில்லாளிகள் மேல் போடுங்கள். கூட்டாளிகளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் தனியாக வேட்டையாட இடம் கிடைக்கும்.

ஆறாம் லெவலின் ஷேடோ ஸ்டெப் இரண்டு விதிகளிலும் உண்டு. இருட்டிலிருந்தோ மங்கல் வெளிச்சத்திலிருந்தோ 60 அடிக்குள் இன்னொரு நிழலுக்கு ஒரே தாவல், பாயிண்ட் செலவே இல்லை, அடுத்த அடிக்குச் சாதகம். முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் அதற்கே போய்விடுவதால் அந்த முறை ஃப்ளரி கிடையாது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். இந்தத் திறனின் மதிப்பை நான் உறுதியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் உங்கள் டிஎம். சில டிஎம்கள் எந்த அறையில் எத்தனை தீவட்டி, எது எவ்வளவு தூரம் வெளிச்சம் தரும் என்று வரைபடத்தில் குறித்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் ஷேடோ மங்க் ராஜா. சிலர் வெளிச்சத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நீங்கள் "இங்கே நிழல் இருக்கிறதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், அன்றைய மனநிலையைப் பொறுத்து பதில் வரும். கதை முழுக்கப் பாலைவனத்திலும் பகல் வெளிச்சத்திலும் நடந்தால் இன்னும் கஷ்டம். ஆகவே ஷேடோ எடுப்பதற்கு முன் உங்கள் டிஎம்மிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன செஷனில் நாம் சண்டை போட்ட அறையில் எங்கெல்லாம் மங்கல் வெளிச்சம் இருந்தது?" அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் தைரியமாக எடுங்கள். திகைத்து நின்றால் அதுவும் ஒரு பதில்தான்.

எலிமெண்ட்ஸுக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்றால், 2014 விதியில் அது தன் வித்தைகளுக்கு அநியாய விலை கேட்டது. விஸார்டுக்கு ஐந்தாம் லெவலில் கிடைக்கும் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை மங்க் போட வேண்டுமானால் பதினோராம் லெவல் வரை காத்திருக்க வேண்டும், நான்கு கி கொடுக்க வேண்டும். பதினொரு கி-யில் இரண்டு முறை போட்டால் மூன்றுதான் மிச்சம், ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்குக்கும் ஃப்ளரிக்கும் சேர்த்து அவ்வளவுதான். வித்தைகளும் மொத்தமாக நான்கோ ஐந்தோதான் கிடைக்கும். பக்கத்தில் ஒரு விஸார்ட் உட்கார்ந்திருக்கும் உங்கள் டேபிளில், பழைய விதியோடு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

2024-ல் அதைக் கிட்டத்தட்ட புதிதாகவே எழுதிவிட்டார்கள். உங்கள் முறை தொடங்கும்போது ஒரு பாயிண்ட் கொடுத்தால் பத்து நிமிடம், அதாவது சாதாரணமாக ஒரு சண்டை முழுக்க, உங்கள் குத்து 10 அடி கூடுதலாக எட்டும். நெருப்பு, குளிர், மின்னல், அமிலம், இடி என்று அடியின் வகையை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கலாம். பட்டவனை 10 அடி இழுக்கவோ தள்ளவோ முயலலாம். இதில் நான் மிகவும் மதிப்பது எட்டும் தூரத்தை. மங்கின் பெரிய பலவீனம், அடிக்கக் கிட்டே போக வேண்டும், ஆனால் கிட்டே நின்று தாங்கும் உடம்பு இல்லை. லெவலுக்கு ஓர் எட்டு முகப் பகடை அளவுதான் உயிர், கவசம் கிடையாது. 15 அடியிலிருந்து குத்திவிட்டு விலகி நிற்க முடிந்தால் அந்தப் பலவீனம் பாதி குறைகிறது. ஆறாம் லெவலில் இரண்டு பாயிண்டுக்கு 20 அடி ஆரத்தில் வெடிப்பு ஒன்று வருகிறது, கூட்டமாக வருபவர்களுக்கு அது போதும். பதினொன்றில், அந்த ஒரு பாயிண்ட் வித்தை நடக்கும் வரை, பறக்கவும் நீந்தவும் முடியும். வீண் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

மெர்சி பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. கிளெரிக் இருக்கிறாரே, இன்னொரு வைத்தியர் எதற்கு என்று தள்ளிவிட்டிருப்பீர்கள். நானோ உங்கள் நிலையில் இதைத்தான் மிகக் கவனமாகப் பார்ப்பேன். ஃப்ளரி அடிக்கும்போது இரண்டு குத்தில் ஒன்றை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கைக்கெட்டும் நண்பனைத் தொட்டுக் குணப்படுத்தலாம், அந்தக் குணப்படுத்தலுக்குத் தனிப் பாயிண்ட் இல்லை. மூன்றாம் லெவலில் 2024 விதியில் ஓர் ஆறு முகப் பகடையும் உங்கள் விஸ்டமும் சேரும், விஸ்டம் 16 என்றால் 4 முதல் 9 வரை. உயிர் பூஜ்ஜியமாகி விழுந்து கிடப்பவருக்கு ஒன்று கிடைத்தாலும் எழுந்து நிற்பார். நீங்களோ மங்க், டேபிளில் யாரைவிடவும் வேகமாக ஓடி அவரை எட்டுவீர்கள். கிளெரிக்கே விழுந்துவிட்டால் யார் எழுப்புவது என்ற கேள்வி உங்கள் நால்வரில் இப்போது பதில் இல்லாமல் நிற்கிறது. மெர்சி அதற்குப் பதில்.

அதன் இன்னொரு கை வலி கொடுக்கும் கை. ஒரு பாயிண்டுக்கு, ஒரு முறைக்கு ஒரு தடவை, பட்ட குத்தில் கூடுதல் சேதம். ஆறாம் லெவலிலிருந்து அதே குத்து எதிரியை உங்கள் அடுத்த முறை முடியும் வரை விஷப்பட்டவனாக்கும், அதற்கு சேவ் கிடையாது. பகடை உருட்டித் தப்ப வழியே இல்லாமல் எதிரியின் எல்லா அடிக்கும் பாதகம் என்பது அந்த லெவலில் மிகப் பெரிய விஷயம். எதிரி விஷம் ஏறாத வகையாக இருந்தால் மட்டும் பலிக்காது. எலும்புக்கூடு, செத்து எழுந்தவை பல, சூனியத்தால் செய்த பொம்மைகள், பேய்க்கூட்டத்தில் பல என்று அந்த வகைகள் கொஞ்சம் அதிகம்தான். மடத்தை எரித்தது உயிருள்ள மனிதர்கள் என்றால் உங்களுக்குக் கவலை இல்லை. பிணமெழுப்பி ஒருவன் அதன் பின்னால் இருக்கிறான் என்று சந்தேகம் இருந்தால், அந்த ஆறாம் லெவல் திறனில் பாதி போய்விடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விஸ்டம் பற்றி ஒரு வார்த்தை. ஓபன் ஹேண்டின் தள்ளலும் விழ வைத்தலும், எலிமெண்ட்ஸின் இழுப்பும், மெர்சியின் குணமும் வலியும், எல்லாம் உங்கள் விஸ்டமைப் பொறுத்தவை. ஷேடோவின் இருட்டுக்கோ தாவலுக்கோ அது தேவையில்லை. பாத்திரம் உருவாக்கும்போது விஸ்டமில் 14-க்கும் குறைவாக வைத்துவிட்டிருந்தால் ஷேடோ அதை அதிகம் வெளியே காட்டாது. ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கும் கவசமில்லாத தற்காப்பும் எப்படியும் விஸ்டம் கேட்கும், அது எந்தப் பாதையானாலும் ஒன்றுதான்.

இணையத்தில் இந்தப் பாதைகளின் சராசரி சேதக் கணக்குகள் நிறையக் கிடைக்கும். கூட்டல் பெருக்கல் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை சண்டை, நடுவில் எத்தனை ஷார்ட் ரெஸ்ட் என்று ஏதாவது ஒன்றை ஊகித்துத்தான் அவை போடப்படுகின்றன. உங்கள் டேபிளில் ஒரு நாளைக்கு ஒரே சண்டை என்றால் பாயிண்டைத் தாராளமாகச் செலவழிக்கலாம், மெர்சியும் எலிமெண்ட்ஸும் பளிச்சென்று தெரியும். ஓய்வே இல்லாமல் நான்கு சண்டை என்றால் செலவில்லாத வித்தைகள்தான் காப்பாற்றும், ஆறாம் லெவலுக்குப் பிறகு ஷேடோ ஸ்டெப் மாதிரி. 2024-ல் நாளுக்கு ஒரு முறை, சண்டை தொடங்கும்போதே எல்லாப் பாயிண்டும் திரும்ப வரும் வசதி இரண்டாம் லெவலிலேயே இருப்பதால் இந்த நெருக்கடி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இனி கில்டு. உங்கள் டிஎம் பாதையைக் கில்டோடு கட்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்குப் பழைய வேர் உண்டு. மங்க் இந்த விளையாட்டில் முதலில் வந்தது 1975-ல், டேவ் ஆர்னசனின் பெயரில் வெளியான பிளாக்மூர் துணைப் புத்தகத்தில். 1978 கையேட்டில் மங்காக உயர்ந்த படிகளுக்குப் போக வேண்டுமானால், அந்தப் படியில் ஏற்கெனவே இருப்பவரோடு நேருக்கு நேர் மோதி வெல்ல வேண்டும். உச்சியில் கிராண்ட் மாஸ்டர் ஆஃப் ஃபிளவர்ஸ் என்ற பட்டத்தோடு ஒரே ஒருவர். படி ஏறுவதே ஒரு கதையாக இருந்தது. இப்போதைய விதிகளில் அதெல்லாம் இல்லை, பாதையை எடுத்தோம், பட்டியலில் எழுதினோம் என்று முடிந்துவிடுகிறது. உங்கள் டிஎம் ஆசான்களை வைத்திருக்கிறார் என்றால் திறன்களோடு சேர்ந்து ஒரு மனிதரும் வருகிறார். அவர் உங்களிடம் என்ன கேட்பார், எதற்கு மறுப்பார், உங்கள் பழிவாங்கலைப் பற்றி என்ன நினைப்பார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நியாயமான ஆசை. தேர்வு நாளுக்கு முன் நான்கு ஆசான்களோடும் ஆளுக்கு ஒரு சின்ன உரையாடல் ஆடித்தர முடியுமா என்று கேளுங்கள். எந்த நல்ல டிஎம்மும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார், அவர் எழுதி வைத்தவர்களை நீங்கள் பார்க்க விரும்புகிறீர்கள் அல்லவா.

பழிவாங்கத் துடிப்பவர் ஷேடோவிடம் போவது இயல்பு. அதனாலேயே அதில் கதைக்குப் புதிதாக நகர இடம் குறைவு. ஆசானும் சீடனும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். அதே மனிதர் மெர்சி ஆசானிடம் சேர்ந்தால், முகமூடி அணிந்து, நோயாளி யாராக இருந்தாலும் தொட வேண்டிய இடத்தில் நிற்கிறார். மடத்தை எரித்தவர்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்துக் கிடக்கும் குடிசைக்குள் டிஎம் உங்களை ஒரு நாள் அனுப்புவார், நான் டிஎம்மாக இருந்தால் கண்டிப்பாக அனுப்புவேன். குணப்படுத்தும் கையும் வலி கொடுக்கும் கையும் உங்கள் இரண்டு கைகள்தான். இதை உத்தரவாதமாகச் சொல்லவில்லை, இது என் ரசனை. இருட்டில் மறைந்து ஒருவனாகத் தேடிப்போகும் கதைதான் உங்களுக்கு வேண்டுமென்றால் அதில் தவறே இல்லை. பிடித்த பாதையை எடுத்தவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார், பிறர் சொல்லி எடுத்தவர் தன் முறை வரும்போது பட்டியலைப் புரட்டுகிறார். இதை டேபிளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மாற முடியாது என்பதைப் பற்றியும் டிஎம்மிடம் பேசிப் பாருங்கள். மெர்சி முதலில் வந்த அந்த 2020 துணைப் புத்தகத்திலேயே, டிஎம் சம்மதித்தால் புதிய சப்கிளாஸ் (இங்கே நாம் பாதை என்பது) திறன் வரும் லெவலில் சப்கிளாஸையே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விருப்ப விதி இருக்கிறது. மங்குக்கு அது ஆறாம் லெவல். கில்டின் சட்டம் கதைக்குள் கடுமையாக இருக்கட்டும், ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே ஒத்துவராவிட்டால் ஆறாம் லெவலில் ஆசானோடு பிரிந்து போகும் ஒரு காட்சியோடு மாற வழி வைக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் உங்கள் பயத்தில் முக்கால்வாசி இங்கேயே போய்விடும்.

நேரடியாகச் சொல்லச் சொன்னால்: பழைய விதிகள் என்றால் ஷேடோ, யோசிக்க வேண்டாம், உங்கள் குழுவுக்குப் பாஸ் வித்தவுட் ட்ரேஸ் பொன். புதிய விதிகள், வெளிச்சத்தைக் கணக்கு வைக்கும் டிஎம் என்றாலும் ஷேடோதான், இருட்டை ஓரத்தில் போடுவேன் என்று நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுங்கள். புதிய விதிகள், வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாத டிஎம் என்றால் மெர்சி. ஓபன் ஹேண்டையும் எலிமெண்ட்ஸையும் எடுத்தால் ஏமாற மாட்டீர்கள், ஆனால் நீங்கள் எழுதிய கதையைப் படித்தபிறகு அவை எனக்கு மூன்றாவதும் நான்காவதும்தான்.

அடுத்த செஷனுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால், ரோக் ஆடுபவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஓகரையே எதிரியாக வைத்துச் சின்னச் சண்டை ஒன்று ஆடிப் பாருங்கள். ஓகருக்கு உயிர் 2014 விதியில் 59, 2024-ல் 68; கவச எண் இரண்டிலும் 11. மூன்று பாயிண்டோடு ஒரு முறை ஷேடோவாக, இன்னொரு முறை மெர்சியாக. எந்த ஆட்டத்தில் உங்கள் முறை முடிந்ததும் அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று தானாகவே யோசிக்கத் தொடங்குகிறீர்கள் என்று கவனியுங்கள். ஆடிவிட்டு முடிந்தால் இங்கேயே எழுதுங்கள், உங்கள் விஸ்டம் எவ்வளவு, ரோக் கத்தியா வில்லா என்பதையும் சேர்த்து. இன்னும் துல்லியமாகச் சொல்லப் பார்க்கிறேன்.